34 வார கர்ப்பம், பிளேட்லெட் பாதியாகக் குறைந்திருக்கிறது, ஐஎன்ஆர் நார்மல்: பயப்பட வேண்டுமா?

கர்ப்பமாக இருக்கும் உங்கள் மனைவியின் ரத்த ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனை) நார்மல் என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அது கல்லீரல் உருவாக்கும் உறைதல் புரதங்களைக் காட்டுவது. பிளேட்லெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. பிரீஎக்ளாம்ப்சியாவில் (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) பெரும்பாலும் பிளேட்லெட்தான் முதலில் இறங்கும். உங்கள் மனைவிக்கு ஒரே வாரத்தில் 2.1 லட்சம் 1.1 லட்சமாகியிருக்கிறது. அந்த வேகம்தான் முக்கியம்.

நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்படுத்துகின்றன. பிளேட்லெட்டுகள் தூண்டப்பட்டு அங்கே ஒட்டிக்கொள்கின்றன. உடல் புதிதாகச் செய்வதைவிட வேகமாகத் தீர்கின்றன. இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்றே டாக்டரிடம் கேளுங்கள்:

1. ரத்த எண்ணிக்கையை மறுபடி எடுத்து, ஸ்மியரும் (ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் சோதனைக் குழாயிலேயே பிளேட்லெட் திரண்டு, மெஷின் குறைத்துக் காட்டும். சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் அதுவும் ஸ்மியரில் தெரியும்.
2. ஏஎஸ்டி, ஏஎல்டி (கல்லீரல் நொதிகள்), எல்டிஎச் (சிவப்பணுக்கள் உடைந்தால் ஏறுவது), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான சோதனை) ஆகியவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள்.

பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே போனால் அது பிரீஎக்ளாம்ப்சியாவின் தீவிர வகை. கூடவே கல்லீரல் நொதிகள் ஏறி, சிவப்பணுக்களும் உடைந்தால் அதற்கு ஹெல்ப் (HELLP) சிண்ட்ரோம் என்று பெயர். பிரசவத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நான் சொல்வது இது. கடும் தலைவலி, கண் மங்கல், வலது மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும், நள்ளிரவானாலும் சரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தால், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.