பிரித்துப் போடும் கை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, கோலாலம்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் நிரலாளனாக வேலை செய்கிறேன். கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கொள்கலன்களைக் கவனிப்பதற்கான திரையை, இணையத் திரைகளைக் கட்டும் சட்டகமான வியூ ஜேஎஸ்ஸில் எழுதியிருக்கிறேன். வாடிக்கையாளர் பக்கம், அதற்குள் சரக்குப் பட்டியல், அதற்குள் ஒரு சரக்கு, அதற்குள் ஆவணம், கட்டணம், குறிப்பு என்று மூன்று தாவல்கள். காட்சிக்குள் காட்சியாக நான்கு அடுக்கு.

இப்படிப்பட்ட அடுக்குகளுக்கு ரியாக்ட் என்ற இன்னொரு கருவி இதைவிடப் பொருத்தமா? எந்தத் தாவல் திறந்திருக்கிறது என்பதை உலாவியின் முகவரியில் எழுத வேண்டுமா? மூன்றாவது, ஒரு சரக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பழைய எண்கள் ஓரிரு வினாடி அப்படியே நிற்கின்றன. மத்தியானத்துக்கு மேல் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் ஏழெட்டு முறை சேமிக்கிறது. இப்போதைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் தானாகவே புதிதாகத் திறக்கும்படி செய்துவிட்டேன். யாரும் புகார் சொல்லவில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஆங்கில விளக்கங்களைப் படிக்க எனக்கு மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. அதனால்தான் இப்படித் தடுமாறுகிறேனோ என்னவோ.

ச.,
கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்ததைக் குறைபோல இனி யாருக்கும் எழுதாதீர்கள். நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் படித்திருக்கிறேன். அப்படிப் படித்தவை இன்றும் மறக்கவில்லை. உங்கள் பிழைக்கும் உங்கள் ஆங்கிலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

வியூவா ரியாக்டா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். காட்சிக்குள் காட்சி வைக்கும் இடத்தை எம்பர் என்ற சட்டகத்தில் அவுட்லெட் என்றார்கள். ஆங்குலர்ஜேஎஸ் காலத்தில் யூஐ-வியூ. உங்களுடையதில் ரவுட்டர்-வியூ. 2021இல் ரியாக்ட் ரவுட்டரின் ஆறாம் பதிப்பு வந்தபோது மறுபடியும் அவுட்லெட். தாய்க் காட்சி தன் நடுவே ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வைக்கிறது, முகவரியைப் பார்த்துப் பிள்ளைக் காட்சி அங்கே வந்து உட்காருகிறது. எல்லாவற்றிலும் இதுதான் ஏற்பாடு. இருக்கும் இடத்திலேயே இருங்கள். தாவலை முகவரியில் எழுதுங்கள். பக்கத்து மேசைக்காரர் அனுப்பும் இணைப்பைத் திறந்தால் அவர் பார்த்த தாவலே உங்களுக்கும் திறக்க வேண்டும்.

மூன்றாவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். படித்ததும் கோபம் வந்தது. ஒரு மணிக்கு ஒரு தடவை பக்கத்தைப் புதிதாகத் திறக்கவைத்தேன் என்கிறீர்கள். கூரை ஒழுகுகிறது என்று தெரிந்தும் வீட்டில் இருப்பவர்களை மணிக்கொரு முறை வேறு அறைக்கு மாற்றிப் படுக்கவைப்பதுபோல இருக்கிறது. யாரும் புகார் சொல்லவில்லை என்பதை ஒரு தகுதியாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.

போன மாதம் ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை ஒழித்தபோது பரணில் அப்பாவின் ஸ்டிக் கிடைத்தது. ஸ்டிக் என்றால் அச்சுக் கோப்பவர் இடக்கையில் பிடித்துக்கொண்டு எழுத்துகளை வரிசையாக அடுக்கும் சிறிய இரும்புத் தட்டு. அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

அப்பா ஜார்ஜ்டவுனில், லெபோ பாசாருக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு சிறிய அச்சகத்தில் வேலை பார்த்தார். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிக்கை, தைப்பூச நேரத்தில் தண்ணீர்ப்பந்தல் நன்கொடைச் சீட்டு. சனிக்கிழமை அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அச்சடித்து முடிந்த பக்கத்தை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, இரும்புச் சட்டத்தின் ஆப்பைத் தளர்த்தி, ஒவ்வோர் ஈய எழுத்தையும் அதனதன் குழிக்குள் திரும்பப் போட வேண்டும். கோப்பது ஒரு வேலை என்றால் பிரிப்பது இன்னொரு வேலை. அதற்குத் தனிக் கூலி கிடையாது. அதனால் எல்லோரும் அதைச் சின்னப் பிள்ளைகளிடம் தள்ளிவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் அவசரத்தில் பிரித்தேன். ஈய எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி இருக்கும். மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று நின்று பார்க்கவில்லை. னகரத்தில் ஒரு கைப்பிடி ணகரத்தின் குழிக்குள் போய்விட்டது. அடுத்த வாரம் அப்பா ஒரு கல்யாணப் பத்திரிகை கோத்தார். கோப்பவர் குழியைப் பார்ப்பதில்லை. கை தானாகப் போகும், கண் கைப்பிரதியில் இருக்கும். மெய்ப்புப் பார்க்க வேண்டியவர் அன்று வரவில்லை. ‘திருமனம்’ என்று முந்நூறு பத்திரிகை அச்சாகிவிட்டது. தாளின் விலையை அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அவர் என்னை அடிக்கவில்லை. மறுவாரம் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தார். ஒவ்வோர் எழுத்தையும் கையில் எடுத்து, உரக்கப் பெயர் சொல்லி, பிறகு போடச் சொன்னார். “மூன்று சுழி ண.” டக். “இரண்டு சுழி ன.” டக். இருட்டும்வரை. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் மணி அடித்த பிறகுதான் விட்டார்.

உங்கள் நிரலுக்கு வருகிறேன். உங்கள் கட்டணத் தாவல் திரையில் ஏறும்போது, கன்ட்ரோல்-எஸ்ஸைக் கேட்பதற்கு விண்டோவில், அதாவது முழு உலாவிச் சாளரத்தில், ஒரு காதைப் பொருத்தியிருக்கிறீர்கள். எழுதாவிட்டாலும் தெரிகிறது. தாவலை மாற்றியதும் வியூ அந்தக் காட்சியைத் திரையிலிருந்து எடுத்துவிடுகிறது. அதற்குள் இருந்த பிள்ளைக் காட்சிகளையும், தான் பொருத்தியவற்றையும் ஒழுங்காகக் கழற்றிவிடும். விண்டோ அதற்குச் சொந்தமான இடம் இல்லை. நீங்கள் அங்கே மாட்டிய காது அங்கேயே தொங்கும். அந்தக் காது தன் காட்சியின் தரவைப் பிடித்துக்கொண்டிருப்பதால் நினைவகத்திலிருந்து அதுவும் போகாது. எட்டு முறை தாவலுக்கு வந்துபோனால் எட்டுக் காதுகள். ஒரு முறை விசையை அழுத்தினால் எட்டும் கேட்கும்.

இதில் நீங்கள் பார்க்கத் தவறியது ஒன்று இருக்கிறது. அந்த எட்டும் ஒரே சரக்கைச் சேமிப்பதில்லை. ஒவ்வொன்றும் தான் கடைசியாக அறிந்த சரக்கின் எண்ணோடு, தன்னிடம் அன்று இருந்த தொகையைச் சேமிக்கிறது. காலை பத்து மணிக்கு நீங்கள் ஒரு சரக்கைத் திறந்து பார்த்தீர்கள். பத்தரைக்குக் கணக்குப் பிரிவில் ஒருவர் அதன் கட்டணத்தைத் திருத்தினார். உங்கள் பக்கம் மறுபடி திறப்பதற்கு முன், வேறொரு சரக்குக்காக நீங்கள் கன்ட்ரோல்-எஸ் அழுத்துகிறீர்கள். பத்து மணித் தொகை திருத்தத்தின்மேல் போய் உட்காருகிறது. திருத்தியவர் தான் சரியாகச் செய்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பார். உங்கள் ஒரு மணிக் கெடு இதைத் தடுக்காது. தடயத்தைத்தான் குறைக்கும்.

இது உங்களோடு பிறந்த நோய் இல்லை. 2010இல் வந்த பேக்போன் என்ற சட்டகத்தில் எழுதியவர்கள் இதற்கு ஜாம்பி காட்சி என்றே பெயர் வைத்தார்கள். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலைக்காக நான் அதில் எழுதியிருக்கிறேன். தாய்க் காட்சியை நீக்கினால் பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. பிள்ளைகளின் பட்டியலை நாமே வைத்துக்கொண்டு, அடியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வர வேண்டும். இன்றைய சட்டகங்கள் அந்தச் சுமையை எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டதாலேயே, கழற்றுவது என்று ஒரு வேலை உண்டு என்பதையே உங்கள் தலைமுறை கேள்விப்படாமல் வளர்ந்துவிட்டது. 2022இல் வந்த ரியாக்ட் பதினெட்டு, ஸ்டிரிக்ட்மோட் என்ற சோதனை முறையில் நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு காட்சியையும் ஒரு முறை ஏற்றி, கழற்றி, மறுபடி ஏற்றிப் பார்க்கிறது. கழற்றாமல் விட்டவனுக்கு அப்போதே தெரிந்துவிடும். பலர் அதை எரிச்சல் என்று அணைத்துவைக்கிறார்கள். எனக்கு அது அந்த முக்காலிபோலத் தெரிகிறது.

ஆகவே காட்சி ஏறும்போது ஓடும் ஆன்மவுண்டடில் எதை மாட்டினீர்களோ அதை, காட்சி இறங்கும்போது ஓடும் ஆன்அன்மவுண்டடில் கழற்றுங்கள். இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள். மாட்டும் வரியை எழுதியதும், வேறெதையும் தொடாமல் கழற்றும் வரியை எழுதுங்கள். பெயரில்லாத ஃபங்ஷனை மாட்டாதீர்கள். கழற்றும்போது அதே ஃபங்ஷனைத்தான் கொடுக்க வேண்டும், அதேபோல் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்தால் எதுவும் கழலாது, பிழைச் செய்தியும் வராது. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் செட்இன்டர்வல் வைத்திருந்தால் அதையும், சர்வரோடு திறந்தே இருக்கும் இணைப்பான வெப்சாக்கெட் திறந்திருந்தால் அதையும் தேடுங்கள். ஒவ்வொன்றையும் உரக்கப் பெயர் சொல்லி எடுங்கள். அறையில் தனியாகத்தானே இருக்கிறீர்கள்.

பழைய எண்கள் நிற்பதற்குக் காரணம் வேறு. முகவரியில் சரக்கின் எண் மட்டும் மாறினால் வியூ ரவுட்டர் அதே காட்சியையே மறுபடி பயன்படுத்துகிறது. புதிதாக ஏற்றுவதில்லை. அதனால் ஆன்மவுண்டடில் நீங்கள் எழுதிய எதுவும் இரண்டாம் முறை ஓடாது, புதிய தரவு வந்து சேரும்வரை பழையதே திரையில் நிற்கும். எண் மாறுகிறதா என்று வாட்ச் செய்து, மாறியதும் பழைய தரவைத் துடைத்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் பழைய கோரிக்கையை அபார்ட்கன்ட்ரோலரால் நிறுத்திவிட்டுப் புதியதைக் கேளுங்கள். நிறுத்தாவிட்டால் மெதுவாக வரும் பழைய பதில் புதியதன்மேல் எழுதிவிடும். சரக்கின் எண்ணையே கீயாக, அதாவது காட்சியின் அடையாளமாக, கொடுத்துக் காட்சியை முழுதாக மாற்றிவிடவும் செய்யலாம். சிறிய திரைக்கு அது போதும்.

நிரலைத் திருத்துவது ஒரு நாள் வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் உங்கள் மேலாளரிடம் போய், இந்தத் திரை ஓட ஆரம்பித்த நாளிலிருந்து சேமிக்கப்பட்ட கட்டணங்களில் சில தவறாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். சர்வர் பதிவில் ஒரே வினாடியில், ஒரே ஆளிடமிருந்து, வெவ்வேறு சரக்கு எண்களுக்கு வந்த சேமிப்புகளைத் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அந்தப் பட்டியலை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் தன் தவறு என்று நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்கக் கூடாது.

பட்டியல் எடுப்பதில் சிக்கல் வந்தால் எனக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா
ஆயர் ஈத்தாம், பினாங்கு