பூங்கா காட்டிய இடத்தில் வணிக வளாகம்: மண்டலத்தை விடுங்கள், வரைபடத்தை எடுங்கள்

கேள்வி: ஓ.எம்.ஆரில் ஒருங்கிணைந்த குடியிருப்பு ஒன்றின் முதல் கட்டத்தில் 2018ல் வீடு வாங்கினோம். விற்கும்போது காட்டிய படத்தில் எங்கள் பிளாக்குக்கு எதிரே பூங்காவும் விளையாட்டுத் திடலும் இருந்தன. இப்போது அங்கே கடைகளும் அலுவலகங்களும் கொண்ட பத்து மாடிக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். "இது கலப்புக் குடியிருப்பு மண்டலம், திருத்திய அனுமதி வாங்கியாகிவிட்டது, ஒப்பந்தத்திலேயே நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள்" என்கிறார் பில்டர். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டியிருக்கிறோம். திறப்பு விழா மேடையில் கொடுத்த வாக்குறுதி எல்லாம் பொய்யாகிவிட்டது. பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவிட்டு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கலாமா? — குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

பதில்: மேடையில் சொன்னதை வைத்து வழக்கு நடத்த முடியாது. அதை விட்டுவிடுங்கள். மண்டலத்தைப் பற்றிய சண்டையும் வேண்டாம், அதில் தோற்பீர்கள். கலப்புக் குடியிருப்பு மண்டலத்தில் கடையும் அலுவலகமும் அனுமதிக்கப்பட்டவைதான். பில்டர் ஏன் இப்போது திரும்பி வந்திருக்கிறார் என்பதும் புரிகிறது. 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், 18 மீட்டர் சாலையை ஒட்டிய உயரமான கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எஃப்.எஸ்.ஐ. அளவு, 3.25 ஆக உயர்ந்தது. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் செலுத்தினால் அதில் பாதியைக் கூடுதலாகப் பெற்று 4.87 வரை போகலாம். நீங்கள் வாங்கியபோது அந்த நிலத்தில் இல்லாத மாடிகள் இப்போது கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் கட்ட இடம் தேவை.

சட்டம் பார்க்கப்போவது ஒன்றைத்தான். பள்ளம் தோண்டும் நிலத்துண்டு உங்கள் கிரயப் பத்திரத்தில் மொத்த நிலத்தை விவரிக்கும் 'ஏ' ஷெட்யூலுக்குள் இருக்கிறதா, நீங்கள் ஒப்பந்தம் போட்ட நாளில் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவாகியிருந்த அனுமதி வரைபடம் அதை என்னவென்று குறித்தது? விளம்பரப் படம் இல்லை, முத்திரை விழுந்த வரைபடம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், சி.எம்.டி.ஏ., திருத்திய அனுமதி கொடுத்திருப்பதால் இந்தக் கேள்வி முடிந்துவிடாது. திட்ட அனுமதி யாருக்கும் நில உரிமை தராது. வீடு வாங்கியவர்களின் சம்மதத்தையும் அது தீர்மானிப்பதில்லை.

சம்மதம் பற்றிச் சொல்வது ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவு. அனுமதி வரைபடத்தையோ பொதுப் பகுதிகளையோ மாற்ற, பில்டரை நீக்கிய மற்ற ஒதுக்கீட்டாளர்களில், அதாவது வீடு எடுத்தவர்களில், மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வ முன்சம்மதம் வேண்டும். ஒருவர் தன் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் ஐந்து வீடு வைத்திருந்தாலும் ஒரு தலைதான். ஆனால் அந்தப் பிரிவின் வாசகம் 'அந்தக் கட்டடத்தில்' வீடு எடுத்தவர்கள் என்கிறது. புதிய வளாகம் தனிக் கட்டம், தனி ரெரா பதிவு, உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொண்டு வாதாடும். இதற்கு ஒரே பதில், அந்தத் துண்டு உங்கள் கட்டத்தின் பொதுப் பகுதியாகப் பதிவாகியிருந்தது என்று காட்டுவது. காட்ட முடிந்தால் கட்டம் பிரித்த வாதம் நிற்காது. முடியாவிட்டால் உங்கள் வழக்கு நிற்காது.

நொய்டாவின் எமரால்டு கோர்ட் என்ற குடியிருப்பின் வழக்கை வாட்ஸ்அப் குழுவில் பலர் பகிர்ந்திருப்பீர்கள். 2021 ஆகஸ்ட் 31ல் உச்ச நீதிமன்றம் இரண்டு கோபுரங்களை இடிக்கச் சொன்னதன் அடிப்படை இரண்டு. ஒன்று, கட்டடங்களுக்கு இடையில் விதிப்படி 16 மீட்டர் வேண்டிய இடத்தில் இருந்தது 9 மீட்டர். இன்னொன்று, முன்பு வாங்கியவர்களுக்குக் காட்டிய வரைபடத்தில் தோட்டமாக இருந்த நிலத்தை அவர்கள் சம்மதமில்லாமல் எடுத்தது. ஏமாற்றம், வேதனை, பேச்சு மாறிய பில்டர் எதுவும் அந்த முடிவைத் தாங்கவில்லை. அளவு நாடாவும் வரைபடமும்தான் தாங்கின. இன்னொன்றையும் கவனியுங்கள். குடியிருப்போர் நீதிமன்றம் போனது 2012ல், கோபுரங்கள் இடிந்தது 2022 ஆகஸ்டில். பத்து வருடம் சேர்ந்து நிற்க உங்கள் சங்கத்தால் முடியுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, வழக்கு கெட்டுப்போகும் இடங்கள்.

முதலாவது பிரிக்கப்படாத பங்கு, யு.டி.எஸ்., அதாவது மொத்த நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த பங்கு. பெரும்பாலான சங்கங்கள் இதைக் கணக்குப் பார்ப்பதே இல்லை. மொத்த சர்வே எண்களுக்கும் வில்லங்கச் சான்று போட்டு, இதுவரை விற்ற பங்குகளை ஒவ்வொரு பத்திரமாகக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு நிலம் நான்கு ஏக்கர் என்று வையுங்கள், 1,74,240 சதுர அடி. ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு 10 சதவீதம் போக சுமார் 1,56,800. விற்றது 1,52,000 என்றால் பில்டரிடம் மிச்சம் 4,800 சதுர அடிதான். பத்து மாடிக்கு அதிலிருந்து பங்கு கொடுக்க முடியாது. அப்போது அவர் என்ன செய்வார் தெரியுமா? 'எழுத்துப் பிழை' என்று சொல்லி உங்களிடம் திருத்தல் பத்திரம் கேட்பார். பதிவுச் செலவு அவருடையது, ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்பார். அந்தக் கையெழுத்தில் உங்கள் நிலம் குறையும், கூடவே வழக்கும் போகும். ஒருவர்கூடப் போடக்கூடாது. விற்றது 1,05,000தான் என்று தெரிந்தால் கதை வேறு. சுமார் 52,000 சதுர அடியை அவர் முதலிலிருந்தே தன்னிடம் வைத்திருக்கிறார். அது உங்கள் நிலம் என்று சொல்லி வெல்வது மிகக் கடினம்.

இரண்டாவது, சங்கத்தின் லெட்டர்பேடில் போன ஆட்சேபமில்லாக் கடிதம். லிஃப்ட் பழுதுக்கோ கார்பஸ் நிதிக்கோ பேச்சு நடக்கும்போது, அடுத்த கட்டப் பணிகளுக்கு ஒத்துழைப்போம் என்று ஒரு வரி அதில் நுழைந்திருக்கும். உங்கள் பழைய செயற்குழு அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று கோப்பைத் தேடுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள பொதுப்படையான முன்சம்மதத்தை எதிர்க்கலாம். மகாராஷ்டிராவின் பழைய அடுக்குமாடிச் சட்டத்தின் கீழ் மும்பை உயர் நீதிமன்றம் 2010ல் மதுவிஹார் வழக்கில், குறிப்பிட்ட மாற்றத்தை விளக்கி வாங்காத மொத்தச் சம்மதம் போதாது என்று சொல்லியிருக்கிறது. வாதத்துக்கு அது துணை, உத்தரவாதம் இல்லை. புதிய வரைபடத்தைக் காட்டி வாங்கிய சங்கக் கடிதத்தை எதிர்ப்பது அதைவிடக் கஷ்டம்.

மூன்றாவது, பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்துவது. வேண்டவே வேண்டாம். வட்டியோடு பாக்கி ஏறும், எதிர்மனு வரும், 'இவர்கள் பணம் கட்டாதவர்கள்' என்பதே விசாரணையின் முதல் அரை மணி நேரமாகிவிடும். கட்டுங்கள், ஆட்சேபத்துக்கு உட்பட்டது என்று எழுதிக் கட்டுங்கள். சிவில் நீதிமன்றத்தில் தடை கேட்டு ஓடுவதும் வீண். ரெரா விசாரிக்கக்கூடிய விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்கிறது 79ஆம் பிரிவு. ஆறு மாதம் அந்த ஆட்சேபத்திலேயே போய்விடும், அதற்குள் மூன்று தளம் ஏறிவிடும். வேலையை நிறுத்த இடைக்கால உத்தரவு வேண்டுமென்றால் அதே சட்டத்தின் 36ஆம் பிரிவில் ரெராவிடம் கேளுங்கள். அஸ்திவாரக் கட்டத்தில் கேட்பதற்கும் கான்கிரீட் மேலே வந்த பிறகு கேட்பதற்கும் வித்தியாசம் மிகப் பெரிது. நடுவில் புதிய கடைகளை வாங்கிய அப்பாவிகள் வந்து நிற்பார்கள். நீதிமன்றம் அவர்களையும் பார்க்கும்.

நான்காவது, பூங்கா யாருடையது என்பது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலை நீங்கலாகப் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நீங்கள் எங்கள் பூங்கா என்று நினைப்பது அந்த ஓ.எஸ்.ஆர். நிலமாக இருந்தால் அது உங்களுடையதும் இல்லை, பில்டருடையதும் இல்லை, ஊருக்குச் சொந்தம். அதன்மேல் கட்டடம் வருகிறதென்றால் இதைவிட வலுவான வழக்கு கிடையாது. தானப் பத்திர நகலோடு சி.எம்.டி.ஏ.வுக்கும் உள்ளாட்சிக்கும் எழுதி, அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுங்கள். ஆனால் அந்தப் பூங்காவுக்கு இத்தனை வருடம் கேட் போட்டு வெளியாரை விடாமல் வைத்திருந்தால் முதலில் கேட்டைத் திறந்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

இவற்றைப் பார்த்த பிறகு, துண்டு உங்கள் 'ஏ' ஷெட்யூலுக்கு வெளியே, பங்கும் பில்டரிடம் மிச்சம், இடைவெளி அளவும் சரி என்று தெரிந்தால் சமாதானமாகப் போங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. விளம்பரப் படத்தை நம்பி நஷ்டமடைந்ததற்கு 12ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம், ஆனால் கட்டடத்தை அது நிறுத்தாது. உங்களுக்கு நிஜமாகக் கிடைக்கக்கூடியது நிபந்தனைகள். வளாகத்துக்குப் பிரதான சாலையிலிருந்து தனி நுழைவு, உங்கள் உள்சாலையில் வழிப் பாத்தியம் கிடையாது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், டிரான்ஸ்ஃபார்மர், ஆழ்துளைக் கிணறு எல்லாம் தனி. ஓ.எம்.ஆரில் தண்ணீர் லாரி நிலவரம் உங்களுக்கே தெரியும், ஒரு உணவகத் தளம் வந்தால் உங்கள் தொட்டி என்னவாகும் என்று யோசியுங்கள். பார்க்கிங் தனி, சரக்கு இறக்க நேர வரம்பு, ஜெனரேட்டர் புகைக்குழாய் உங்கள் பக்கம் பார்க்கக்கூடாது, கிளப் ஹவுஸில் அவர்களுக்குப் பங்கில்லை, பொதுச் சாலை இருந்தால் அதன் பராமரிப்பில் பரப்பளவு விகிதத்தில் அவர்கள் பங்கு கட்ட வேண்டும். 17ஆம் பிரிவின்படி உங்கள் கட்டத்தின் பொதுப் பகுதிகளைச் சங்கத்தின் பெயருக்கு எழுதித் தருவதையும் சேர்த்துக் கேளுங்கள், பாதி சங்கங்கள் இதை மறந்துவிடுகின்றன.

இதெல்லாம் பில்டரின் கடிதத்தில் வரக்கூடாது. ரெராவில் மனு போட்டு, சமரசத்தை அங்கேயே உத்தரவாகப் பதிவு செய்யுங்கள். கடிதத்தை வைத்து நிறைவேற்று மனு போட முடியாது, உத்தரவை வைத்துப் போடலாம். புதிய கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று வந்துவிட்டால் உங்களோடு பேச அவருக்குக் காரணமே இருக்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ரெரா தளத்தில் உங்கள் கட்டத்தின் பதிவுப் பக்கத்தையும் அதில் ஏற்றிய வரைபடத்தையும் இன்றே இறக்கி வையுங்கள், திருத்திய அனுமதிக் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் சி.எம்.டி.ஏ.விடம் கேளுங்கள், உங்கள் பிளாக்குக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையிலான தூரத்தை உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து அறிக்கை வாங்குங்கள். அந்த மூன்று தாள்களும் யு.டி.எஸ். கூட்டலும் இல்லாமல் எந்த வக்கீலிடமும் போகாதீர்கள்.