வாசல் பக்கத்து வீட்டில்: கடல் இல்லாத நாடுகள் பற்றிக் கேள்வி பதில்

கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலும் உகாண்டாவின் கம்பாலாவிலுமாகப் பதினான்கு வருடம் சரக்கு கிளியரிங் வேலை பார்த்தவன் நான். உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் போகும் சரக்குதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் ஆப்பிரிக்கா என்றால் நீளமாகப் பேசுவேன், மற்ற இடங்களுக்குச் சுருக்கம்தான். ஐ.நா. கணக்கில் கடல் இல்லாத வளரும் நாடுகள் 32. அதில் பாதி, 16 நாடுகள், ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. கேளுங்கள்.

கல்லூரி மாணவி, திருச்சி: 32 நாடுகளையும் தனிநபர் வருமானப்படி வரிசைப்படுத்தித் தர முடியுமா? செமினாருக்கு வேண்டும்.

பட்டியல் உலக வங்கியின் தளத்திலேயே கிடைக்கும் அம்மா. மேலே கஜகஸ்தான், அடியில் புருண்டி. எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள். டாலரில் போட்ட கணக்கு, அந்த நாட்டின் நாணயத்துக்கு என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. துர்க்மெனிஸ்தானில் 2015 முதல் அரசாங்க விலை டாலருக்கு மூன்றரை மனாத். வெளியே கறுப்புச் சந்தையில் வாங்கப் போனால் அதுபோலப் பல மடங்கு. எந்த விலையால் வகுக்கிறீர்களோ அதற்கேற்ப அந்த நாடு பணக்கார நாடாகவோ ஏழை நாடாகவோ தெரியும். எத்தியோப்பியா 2024 ஜூலையில் நாணயக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும், டாலருக்கு 57 பிர் இருந்தது சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது. அந்தச் சில வாரங்களில் எத்தியோப்பியக் குடியானவர் வீட்டு விளைச்சல் பாதியாகிவிடவில்லை. செமினாரில் இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பட்டியலைக் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: சுவிட்சர்லாந்துக்கும் கடல் இல்லை. அது எப்படி ஐயா செழிப்பாக இருக்கிறது?

பாசெல் நகரத்தில் ரைன் நதித் துறைமுகம் இருக்கிறது ஐயா. அங்கே ஏற்றும் சரக்கு படகிலேயே ரோட்டர்டாம் போய்ச் சேரும். அதைவிடப் பெரிய காரணம், சுற்றிலும் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி. அவர்கள் வழி விடுபவர்கள் மட்டுமில்லை, வாங்குபவர்களும் அவர்கள்தான். சுவிஸ் கைக்கடிகாரமும் மருந்தும் விற்கக் கடலுக்குப் போக வேண்டிய கட்டாயமே இல்லை. புருண்டியைச் சுற்றி அப்படி யார் இருக்கிறார்கள் என்று வரைபடத்தைப் பாருங்கள்.

பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்: தூத்துக்குடியிலிருந்து மொம்பாசா வரை கப்பல் கட்டணம் எனக்குக் கட்டுப்படியாகிறது. அங்கிருந்து கம்பாலா போக ஏன் அவ்வளவு கேட்கிறார்கள்? 1,200 கி.மீ. கூட இல்லையே?

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள் சார். செலவை ஏற்றுவது ஓடும் தூரத்தைவிட நிற்கும் நேரம்.

2011-ல் கென்யா–உகாண்டா எல்லையான மலாபாவில் எங்கள் சரக்கு லாரியோடு மூன்று இரவு இருந்தேன். கியூ பல கிலோமீட்டர். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் கரி அடுப்பு வைத்து மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் எழுந்தால் லாரி பத்து வண்டி தூரம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். கென்யப் பக்கம் ஒரு முறை காகிதம் பார்த்தார்கள், உகாண்டாப் பக்கம் அதே காகிதத்தை மறுபடி பார்த்தார்கள். சீல் நம்பரில் ஒரு எழுத்து தெளிவாக இல்லை என்று ஒரு முழு நாள் போயிற்று. அந்த மூன்று நாளும் லாரி வாடகை ஓடியது. சரக்கை வழியில் விற்றுவிட மாட்டோம் என்பதற்கு ஈடாக வங்கியில் கட்டிய டிரான்சிட் பாண்ட் பணம் முடங்கிக் கிடந்தது. காலி கன்டெய்னரை மொம்பாசாவில் திருப்பித் தரவேண்டிய கெடு வேறு நெருங்கியது. கெடு தாண்டினால் கப்பல் கம்பெனிக்கு நாள் கணக்கில் அபராதம்.

இன்னொன்று, உங்கள் பில்லில் தெரியாத செலவு. உகாண்டா இறக்குமதி செய்யும் எடை அதிகம், ஏற்றுமதி செய்யும் எடை குறைவு. லாரி பெரும்பாலும் காலியாகத் திரும்பும். திரும்பும் டீசலையும் உங்கள் தலையில்தான் வைப்பார்கள்.

2014-ல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் ஒரே சுங்கப் பகுதி முறையைக் கொண்டுவந்தன. உகாண்டா சுங்க அதிகாரிகள் மொம்பாசாவிலேயே வந்து உட்கார்ந்தார்கள். சரக்கு கிளம்பும் முன்பே வரி கட்டியாக வேண்டும், வழியில் எலெக்ட்ரானிக் சீல். 18 நாள் பிடித்த பயணம் நான்கு நாளுக்கு வந்தது. சாலை அதே சாலைதான், ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. இதை நான் கண்ணால் பார்த்ததால் அடித்துச் சொல்கிறேன்: கடல் இல்லாத ஏழை நாட்டுக்கு நீங்கள் ஒரே ஒரு உதவி செய்ய முடியும் என்றால், எல்லையில் இருக்கும் இரண்டு மேசையை ஒன்றாக்குங்கள். ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் தங்கள் சிருண்டு எல்லையில் 2009-லேயே அதைச் செய்தன.

எம்.பி.ஏ. மாணவர், கோவை: சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா எல்லாம் கடல் இல்லாமல்தானே...

மேலே பார்க்கவும் தம்பி. ஆஸ்திரியாவுக்கு ரைனுக்குப் பதில் டான்யூப்.

ஐ.டி. ஊழியர், சென்னை: கஜகஸ்தான் யுரேனியம் பங்கு வாங்கலாமா?

பங்குச்சந்தை என் துறை இல்லை. பதிவுபெற்ற ஆலோசகரைக் கேளுங்கள்.

போட்டித் தேர்வு எழுதுபவர், மதுரை: கடலுக்குப் போக இரண்டு நாட்டைத் தாண்ட வேண்டிய நாடுகள் எவை?

உஸ்பெகிஸ்தான், லிச்டென்ஸ்டைன்.

வங்கி அதிகாரி, ஈரோடு: போட்ஸ்வானா மட்டும் எப்படித் தப்பித்தது? நல்ல ஆட்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நல்ல ஆட்சி உண்மைதான். 1966-ல் சுதந்திரம் வாங்கியபோது அந்த நாட்டில் தார்ச்சாலை 12 கி.மீ. என்பார்கள். அடுத்த வருடம் ஒராபாவில் வைரம் கிடைத்தது. அதை ஒரு குடும்பமோ ஒரு தளபதியோ அள்ளிக்கொண்டு போக விடவில்லை. அரசும் டி பியர்ஸ் வைரக் கம்பெனியும் சரிபாதியாக டெப்ஸ்வானா கம்பெனியை நடத்தின. 1994-ல் புலா நிதி என்று வைர வருமானத்தின் ஒரு பகுதியைச் சேமிக்கத் தொடங்கினார்கள். அதே வருடம் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வந்தார்கள். அப்படி வெளியேறிய முதல் நாடு அது.

ஆனால் ஒப்பிடும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வைரம் ஒரு சின்னப் பையில் விமானத்தில் போய்விடும். மலாவியின் புகையிலையும் ஜாம்பியாவின் செம்பும் அப்படிப் போகாது. செம்பை வெளியே கொண்டுபோகத்தானே தான்சானியா வரை 1,860 கி.மீ. டசாரா ரயில் பாதையைச் சீனா 1970-களில் போட்டுக்கொடுத்தது? தெற்கே ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழி அடைபட்டபோது ஜாம்பியாவுக்கு வேறு போக்கில்லை. ஆகவே இரண்டு நாடுகளை ஒப்பிடும் முன், அவை விற்கும் பொருளின் ஒரு கிலோ என்ன விலை, வாங்கும் பொருளின் ஒரு கிலோ என்ன விலை என்று பாருங்கள். மலாவி விவசாயி வாங்கும் உர மூட்டைக்கு மொசாம்பிக் துறைமுகங்களான பெய்ராவிலிருந்தோ நக்காலாவிலிருந்தோ லாரி வாடகை சேர்ந்தால், அந்த மூட்டையில் எத்தனை பங்கு உரம், எத்தனை பங்கு டீசல் என்று அவரே சொல்வார்.

போட்ஸ்வானா இப்போது சிரமத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்து விலையை உடைத்துவிட்டது. 2024-ல் பொருளாதாரம் சுருங்கியது. 58 வருடம் ஆண்ட கட்சி அந்த அக்டோபர் தேர்தலில் தோற்றது.

உணவக மேலாளர், முன்பு காத்மாண்டுவில் வேலை பார்த்தவர்: 2015-ல் இந்தியா முற்றுகை போட்டபோது நான் அங்கே இருந்தேன். நேபாளத்தின் பொருளாதாரத்தைப் பேசும்போது அதை மறக்கலாமா?

மறக்கக் கூடாது. அந்த வருடம் ஏப்ரலில் பூகம்பம், ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். செப்டம்பர் 20-ல் புதிய அரசியல் சாசனம். அதையடுத்து எல்லையில் லாரிகள் நின்றன, அடுத்த பிப்ரவரி வரை. எரிவாயு சிலிண்டரைப் பாதி நிரப்பிக் கொடுத்தார்கள். உங்கள் சமையலறையில் என்ன செய்தீர்கள்?

அதே அன்பர்: விறகுதான் சார். தோசைக்கல்லை எடுத்து வைத்துவிட்டோம். பருப்பும் சோறும் மட்டும் போட்டோம், அதுவும் மதியம் மட்டும்.

முன்னாள் ராணுவ வீரர், வேலூர்: முற்றுகை என்ற சொல்லே தவறு. நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மதேசி மக்கள்தான் புதிய சாசனத்தை எதிர்த்து ரக்சால் எல்லைப் பாலத்தில் உட்கார்ந்து போராடினார்கள். இந்தியா எதையும் தடுக்கவில்லை.

ரக்சால்–பீர்கஞ்ச் பாலத்தில் போராட்டக்காரர்கள் உட்கார்ந்தது உண்மை ஐயா. நாங்கள் முற்றுகை போடவில்லை என்று இந்திய அரசு சொன்னதும் உண்மை. நேபாள அரசு அதை அறிவிக்கப்படாத முற்றுகை என்றது.

அதே வீரர்: நழுவாதீர்கள். ஆமாவா, இல்லையா?

கேட்டதால் சொல்கிறேன். போராட்டம் நடந்த பாலம் மட்டுமில்லை, மற்ற வழிகளிலும் சரக்கு மந்தமானது. அதற்குப் போராட்டம் மட்டுமே காரணம் என்பதை எல்லையில் வேலை பார்த்த என்னால் ஏற்க முடியவில்லை. சுங்கச்சாவடியில் வேகத்தைக் குறைக்க எழுத்தில் ஆணை தேவையே இல்லை. முன்னுதாரணமும் இருக்கிறது. 1989 மார்ச்சில் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது இந்தியா இரண்டு வழிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மூடியது. அது மறைத்துச் செய்ததில்லை.

பொறியாளர், சேலம்: அப்படியென்றால் நேபாளம் சீனா பக்கம் திரும்பிவிட வேண்டியதுதானே?

2016-ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் பீர்கஞ்சிலிருந்து கொல்கத்தா 700 கி.மீ. சொச்சம். தியான்ஜின் துறைமுகமோ 3,000 கி.மீ.க்கும் மேல், நடுவே இமயமலை. சீன எல்லையில் தாதோபானி வழி பூகம்பத்தில் மூடி 2019-ல்தான் திறந்தது. இன்னொரு வழியான ரசுவாகடிப் பாலத்தை 2025 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நேபாளம் உண்மையில் செய்தது வேறு. பீகாரின் மோதிகாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்ச் வரை 69 கி.மீ. எண்ணெய்க் குழாய், 2019-ல் திறந்தார்கள். அதே இந்தியாவோடுதான்! லாரி கியூவை ஒழித்தார்கள், சார்ந்திருப்பது அப்படியே இருக்கிறது.

வேலூர் ஐயா இதே விஷயமாக இன்னும் ஆறு கேள்வி அனுப்பியிருக்கிறார், காத்மாண்டு அன்பர் நான்கு. இரண்டு பேரும் தங்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டீர்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: சுவிட்சர்லாந்தைப் போல நேபாளமும் சுற்றுலாவில்...

சுவிட்சர்லாந்து வேண்டாம் அம்மா, இது மூன்றாவது முறை. நேபாளத்தைத் தாங்குவது சுற்றுலாவைவிட வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம். மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு. இதை எந்த எல்லையிலும் நிறுத்த முடியாது என்பதையும் பாருங்கள்.

வழக்கறிஞர், மதுரை: சர்வதேச சட்டம் வழி தரச் சொல்கிறதே?

சொல்கிறது. ஐ.நா. கடல் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. ஆனால் எப்படி, எந்த நிபந்தனையில் என்பதை இரண்டு நாடும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பொலிவியா இன்னொரு பாதையில் போனது. 1879-ல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையை இழந்தது. சிலி அதுபற்றிப் பேசியே தீர வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் போய், 2018-ல் தோற்றது. பக்கத்திலிருக்கும் பராகுவேக்கும் கடல் இல்லை. அது பரானா நதியில் படகுகளை விட்டு சோயாவை அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இறக்குகிறது. பிரேசிலோடு சேர்ந்து அதே நதியில் கட்டிய இடைப்பு (Itaipu) அணையில் பாதி மின்சாரம் அதற்குச் சொந்தம். எனக்கு பராகுவேயின் வழிதான் பிடிக்கிறது. நதி வற்றினால் அதுவும் தவிக்கும், 2021-ல் தவித்தது.

கல்லூரி விரிவுரையாளர், புதுச்சேரி: லாவோஸின் சீன ரயில் லாபமா நஷ்டமா?

2021 டிசம்பரில் ஓடத் தொடங்கியது, செலவு சுமார் 600 கோடி டாலர். சரக்கு வேகமாகப் போகிறது, கடனும் கழுத்தில் இருக்கிறது. ஆசியாவைப் பற்றி இதற்கு மேல் பேசும் தகுதி எனக்கு இல்லை.

மாணவர், திருநெல்வேலி: உகாண்டாவில் எண்ணெய் கிடைத்திருக்கிறதே, இனிக் கவலை இல்லைதானே?

ஆல்பர்ட் ஏரிப் பக்கம் கிடைத்தது. அந்த எண்ணெய் மெழுகு போன்றது, ஆறினால் உறைந்துவிடும். அதனால் தான்சானியாவின் தாங்கா துறைமுகம் வரை 1,443 கி.மீ. குழாயையும் சுமார் 50 டிகிரி சூட்டில் வைத்திருக்க வேண்டும். அதில் உகாண்டாவுக்குள் 296 கி.மீ. மட்டும், மீதி எல்லாம் அடுத்தவர் மண். கென்யாவின் லாமு வழியா, தாங்கா வழியா என்று பேசி 2016-ல் தாங்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். பீப்பாய்க்குக் குழாய் வாடகை 12.77 டாலர் என்று ஒப்பந்தம். சந்தையில் எண்ணெய் விலை எவ்வளவு இறங்கினாலும், கடலைப் பார்க்க முதலில் அதைக் கட்ட வேண்டும் தம்பி.