கேம் கன்சோல் வாங்கும்போது எத்தனை ஜிபி எடுக்கலாம்? 825, 1 டிபி, 512: எது போதும்?

கேட்டவர் சொன்னது: வீடு குமரி மாவட்டத்தில் அருமனை பக்கம், வீட்டில் 30 எம்பிபிஎஸ் ஃபைபர். பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு கன்சோல் வேண்டும். நாகர்கோவிலில் ஒருவர் 825 ஜிபி பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) டிஸ்க் மாடலை செகண்ட் ஹேண்டில் தருகிறார். கடையில் புது பிஎஸ்5 ஸ்லிம் 1 டிபி (சுமார் 1000 ஜிபி) இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 512 ஜிபி விலை குறைவு. எந்த அளவு போதும்?

டிஸ்க் போடுகிற பிஎஸ்5 எடுங்கள். அதில் 825-க்கும் 1 டிபிக்கும் நடுவே ரொம்ப யோசிக்க வேண்டாம். 512 ஜிபி சீரிஸ் எஸ் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் கருங்கல் சுற்றுவட்டாரத்தில் ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். "நெட் இழுவுது" என்று கம்ப்ளைன்ட் வரும். போய்ப் பார்த்தால் லைனில் ஒரு குறையும் இருக்காது. ஹாலில் டிவிக்குக் கீழே கன்சோல் சத்தமில்லாமல் நூறு ஜிபியை இறக்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரருக்கு அது தெரியாது, பையன் சொல்லியிருக்க மாட்டான். அதனால் ஸ்டோரேஜ் கேள்வியை நான் லைன் பக்கமிருந்துதான் பார்ப்பேன்.

வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் "மொத்தம் எத்தனை கேம் பிடிக்கும்?" என்று கணக்குப் போடுகிறார்கள். அழித்த ஒரு கேம் திரும்ப வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் நம்ம ஊரில் போடவேண்டிய கணக்கு. 100 ஜிபி கேம் ஒன்றை 30 எம்பிபிஎஸ் லைனில் இறக்க, வேகம் ஒரு சொட்டும் குறையாமல் வந்தாலே 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 100 எம்பிபிஎஸ் என்றால் 2 மணி நேரம் சொச்சம். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் ஃபைபர் போகாத வீட்டில் ஒரு நாளைக்கு 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பி இருந்தால் 50 நாள். அதே 825 ஜிபி, சென்னையில் 300 எம்பிபிஎஸ் லைன் வைத்திருப்பவனுக்குத் தாராளம். மழைக்காலத்தில் ரப்பர் மரக் கிளையோ தென்னை மட்டையோ விழுந்து கேபிள் அறுந்து கிடக்கும் வீட்டுக்கு அது இறுக்கம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் ஆலோசனைகளில் இந்த இரண்டாவது மழை இருக்காது.

"அன்லிமிட்டெட் பிளான்தானே" என்று நினைக்க வேண்டாம். பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3300 ஜிபி என்று ஒரு வரம்பு உண்டு. சின்ன பிளான்களில் அது 1000 ஜிபியோ அதற்கும் குறைவோ இருக்கும். தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். கேமை அழிப்பதும் இறக்குவதுமாக ஒரு பையன் வீட்டில் இருந்தால், அக்கா ஆன்லைன் கிளாஸும் அம்மா சீரியலும் அந்தக் குறைந்த வேகத்தில்தான் ஓடவேண்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண் முழுசாகக் கைக்கு வராது. சிஸ்டம் தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். முதலில் வந்த 825 ஜிபி பிஎஸ்5-இல் கேமுக்குக் கிடைப்பது 667 ஜிபி. 1 டிபி ஸ்லிம்மில் சுமார் 840. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 1 டிபியில் 802. சீரிஸ் எஸ் 512-இல் 364 மட்டும்.

ஆக 825-க்கும் 1 டிபிக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு பெரிய கேம், அவ்வளவுதான். கிரான் டூரிஸ்மோ 7 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் கேட்கும். கால் ஆஃப் டூட்டி எல்லாப் பகுதியும் சேர்த்து 200 ஜிபியைத் தாண்டியிருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் சீரிஸ் எஸ்ஸில் முழுசாக ஏற்றினால் பாதிக்கு மேல் போச்சு. ஃபுட்பால் கேம் இவ்வளவு மோசமில்லை. தூத்தூர், வள்ளவிளை கடற்கரைப் பக்கம் ஃபுட்பால் கேம் இல்லாத கன்சோலை நான் இதுவரை பார்த்ததில்லை. அங்கே சில வீடுகளில் வருஷம் முழுக்க அது ஒன்றுதான் ஓடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த அளவும் போதும்.

டிஸ்க் மாடல் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நிறையப் பேர் டிஸ்க் இருந்தால் இடம் மிச்சமாகும் என்று நம்புகிறார்கள். ஆகாது. டிஸ்க்கைப் போட்டாலும் கேம் முழுசாக எஸ்எஸ்டியில், அதாவது கன்சோலின் உள் சேமிப்பில் ஏறித்தான் ஓடும். அதற்குப் பிறகு டிஸ்க் "இது நம்ம சொந்த கேம்" என்று காட்டுகிற சாவி மாதிரிதான், விளையாடும்போது உள்ளே இருக்கவேண்டும். ஆனால் மிச்சமாவது நெட். கேமை அழித்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்ப ஏற்றினால், பெரும்பகுதி டிஸ்க்கிலிருந்தே வந்துவிடும். அப்டேட் மட்டும் லைனில் வரும். சில கேமில் அந்த அப்டேட்டே பெரிசாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் ஏழு மணி நேரக் காத்திருப்பு இல்லை. பிஎஸ்5 டிஸ்க்குகளுக்கு நாட்டு வித்தியாசமும் கிடையாது. துபாயிலிருந்து மாமா வாங்கிவந்த டிஸ்க் இங்கே ஓடும். ஆனால் அந்தக் கேமுக்கு ஆன்லைனில் வாங்கும் கூடுதல் பகுதிகளுக்கு மட்டும் டிஸ்க் எந்த ஊருடையதோ அந்த ஊர் அக்கவுண்ட் வேண்டும்.

சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடமே இல்லை. எல்லாம் லைனில்தான் வரவேண்டும். உள்ளே இடமும் குறைவு. சீரிஸ் எஸ் கேம்கள் நேராக ஓடும் இடத்தைக் கூட்ட எக்ஸ்பாக்ஸுக்கென்றே செய்த எக்ஸ்பான்ஷன் கார்டு வாங்கவேண்டும், வேறு எதுவும் அந்தத் துளையில் போகாது. விலை குறைவு என்று வாங்கி, பிறகு கார்டுக்குக் கொடுக்கும் காசையும் கூட்டிப் பாருங்கள். நல்ல மெஷின், அதில் சந்தேகமில்லை. வேகமான லைன் இருக்கும் வீட்டுக்கு, மாதச் சந்தாவில் கேம் மாற்றி மாற்றி ஆடுகிறவனுக்கு அது பொருந்தும். 30 எம்பிபிஎஸ்ஸில் பொருந்தாது.

பிஎஸ்5-இல் இடம் கூட்டுவது எளிது. அதனால்தான் 825-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்கிறேன். இரண்டு வழி உண்டு.

ஒன்று, யூஎஸ்பி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். 250 ஜிபியிலிருந்து 8 டிபி வரை ஏற்றுக்கொள்ளும். இதில் பிஎஸ்4 கேம்கள் நேராக ஓடும். பிஎஸ்5 கேம்கள் ஓடாது, ஆனால் போட்டு வைக்கலாம். வேண்டும்போது உள்ளே மாற்றிவிட்டு ஆடலாம். 100 ஜிபி கேமை சாதாரண ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உள்ளே மாற்ற கால் மணி, இருபது நிமிஷம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேலைக்கு உங்கள் லைன் ஏழு மணி நேரம் எடுக்கும். இந்த ஒரு சாமான்தான் நம்ம பக்கத்து வீடுகளுக்கு உண்மையான மருந்து. ஒரு கேமுக்கு பிஎஸ்4 பதிப்பும் பிஎஸ்5 பதிப்பும் இரண்டும் கையில் இருந்தால், பிஎஸ்4 பதிப்பை வெளியிலேயே வைத்து ஓட்டலாம். படம் கொஞ்சம் சுமாராக இருக்கும், பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் உள்ளே இடம் காலி.

மாட்டும்போது பார்க்கவேண்டியவை: பின்பக்க யூஎஸ்பியில் மாட்டுங்கள். பழைய மாடலின் முன்பக்கத்துப் பெரிய யூஎஸ்பி துளை மெதுவானது. யூஎஸ்பி ஹப் வழியாக மாட்டினால் எடுக்காது. முக்கியமாக, கன்சோல் அந்த ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணித்தான் எடுத்துக்கொள்ளும். உள்ளே இருந்த எல்லாம் போகும். அலமாரியில் கிடக்கிற, கல்யாண வீடியோ இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை மகன் கையில் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மற்றது எம்.2 எஸ்எஸ்டி, அதாவது உள்ளே மாட்டுகிற வேகமான சின்னச் சேமிப்பு அட்டை. பிஎஸ்5-க்குள் அதற்கென்று ஒரு இடம் காலியாகவே விட்டிருக்கிறார்கள். 2021 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து அதைப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கிற என்விஎம்இ ஜென்4 வகை போதும். வினாடிக்கு 5,500 எம்பி படிக்கும் வேகம், ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) இரண்டும் இருக்கவேண்டும் என்பது சோனி சொல்வது. ஹீட்சிங்க்கோடு சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கம்ப்யூட்டருக்கென்று வரும் தடித்த ஹீட்சிங்க்குகள் சில உள்ளே உட்காராது, கடைக்காரரிடம் இந்த அளவைச் சொல்லி வாங்குங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் வீட்டிலேயே மாட்டலாம், அதனால் வாரண்டி போகாது. இதில் பிஎஸ்5 கேம்கள் நேராக ஓடும், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி மாதிரியேதான். ஆனால் இதை இன்றைக்கே வாங்க வேண்டாம். ஒரு வருஷம் போகட்டும். மகன் உண்மையிலேயே எத்தனை கேம் மாற்றி ஆடுகிறான் என்று தெரிந்தபிறகு வாங்கலாம். நான் பார்த்தவரை, இருபது கேம் ஏற்றி வைத்திருக்கிற பையன் ஆடுவது மூன்றோ நான்கோதான்.

2 டிபி வேண்டும் என்று கல்ஃபில் இருக்கிறவர்களிடம் பிஎஸ்5 ப்ரோ சொல்லி விடுகிற வழக்கம் மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் உண்டு. 2024 நவம்பரில் அது வெளிவந்தபோது இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. வெளியே வாங்கிய மெஷினுக்கு இங்கே வாரண்டி பார்ப்பது பெரும்பாடு. இடத்துக்காக மட்டும் ப்ரோ வாங்குவது வீண். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலையும் இதே வழியில் கொண்டுவருகிறார்கள். அதில் 256 ஜிபி இருக்கிறது, கூட்டவேண்டுமென்றால் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் போடணும். வீட்டில் கிடக்கும் பழைய மைக்ரோஎஸ்டியில் அதன் கேம்களை ஏற்ற முடியாது.

காசு செலவில்லாமல் இடம் மிச்சம் பிடிக்கவும் வழி இருக்கிறது. கால் ஆஃப் டூட்டி மாதிரி கேம்களில் கதைப் பகுதியை மட்டும் தனியாக நீக்கலாம். ஆடி முடித்த பிறகு அது எதற்கு? கேமில் ஏதாவது சாதித்து டிராஃபி கிடைக்கும்போதெல்லாம் கன்சோல் தானாக ஒரு வீடியோ பிடித்து வைக்கும், செட்டிங்ஸில் போய் அதை நிறுத்திவிடுங்கள். கேமை அழித்தால் ஆடின இடம் போய்விடுமே என்று பையன்கள் அழிக்கவே விட மாட்டார்கள். போகாது. சேவ் ஃபைல் தனியாக உள்ளேயே இருக்கும், அது சின்னது. ஆனால் பிஎஸ்5 கேம்களின் சேவ் ஃபைலை மட்டும் தனியாக யூஎஸ்பியில் பிரதி எடுக்க முடியாது. கன்சோலே பழுதானால், பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டி கிளவுடில் ஏற்றி வைத்திருந்தால் தப்பும்.

டவுன்லோடை ராத்திரி ரெஸ்ட் மோடில் (கன்சோல் முழுசாக அணையாமல் தூங்கும் நிலை) போடச் சொல்லுங்கள். வைஃபையை விட லேன் கேபிள் நல்லது. ரௌட்டர் பக்கத்தில் கன்சோல் இருந்தால் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள், எங்கள் ஆளிடம் சொன்னாலே போட்டுத் தருவார். நம்ம ஊர் கரண்ட் சமாசாரம் உங்களுக்கே தெரியும். கன்சோலையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். டவுன்லோட் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதில் பிரச்சினை இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்தான் வம்பு.

இனி உங்கள் நாகர்கோவில்காரர். 2024 ஏப்ரலில் ஸ்லிம் டிஸ்க் மாடல் இங்கே 54,990 ரூபாய்க்கு வந்தது. இன்றைய கடை விலையைக் கேட்டு, அதோடு அவர் சொல்லும் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கும் காசாவது மிச்சமாகவில்லை என்றால் புதுசையே எடுங்கள், ஒரு வருஷ வாரண்டியாவது இருக்கும். மிச்சமானால் 825 போதும்.

பார்க்கப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். டிவியில் மாட்டி, செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 667 ஜிபி வாக்கில் காட்டவேண்டும். அதற்கு மேலே தனியாக எம்.2 என்று ஒன்று தெரிந்தால், அது விலையோடு சேர்ந்ததா, கழற்றிக்கொண்டு தருவாரா என்று அங்கேயே கேட்டு முடித்துவிடுங்கள். ஒரு டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய் உள்ளே போட்டு முழுசாக ஏற்றிப் பாருங்கள். பழைய மெஷினில் டிஸ்க் டிரைவ் படுத்துவிட்டிருந்தால் இதுவரை நான் சொன்னதில் பாதி அர்த்தமில்லாமல் போகும். குளச்சல், முட்டம் மாதிரி கடல் ஓரத்து வீட்டில் இருந்த மெஷின் என்றால் பின்பக்கத் துளைகளில் உப்புக்காற்றுத் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றால், காசு கொடுப்பதற்கு முன்னால் அவருடைய அக்கவுண்டை நீக்கி, மொத்தமாக ரீசெட் பண்ணித் தரச் சொல்லுங்கள்.