எனிமா கொடுக்காதது கவனக்குறைவா?

கேள்வி: என் பிரசவத்தின்போது, வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுமே எனிமா கொடுத்தார்கள். போன மாதம் என் மகளுக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. எண்பது வயதான என் மாமியாரின் மலச்சிக்கலுக்கும் மருத்துவர் சிரப்தான் எழுதுகிறார். நானே வாரம் இருமுறை சோப்புத் தண்ணீர் எனிமா கொடுத்து வருகிறேன். ஆஸ்பத்திரிகளில் கவனிப்பு குறைந்துவிட்டதா?

பதில்: இல்லை அம்மா. எனிமா கொடுத்தால் பிரசவம் விரைவாகும், தாய்க்கும் குழந்தைக்கும் நோய்த்தொற்று வராது என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினார்கள். ஆனால், கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளில் அந்த இரண்டு பலன்களுமே தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே இதைக் கைவிட வேண்டிய வழக்கங்களோடு சேர்த்துவிட்டது. வலியோடு துடிக்கும் பெண்ணுக்குப் பயனில்லாத ஒரு வேதனையும் கூச்சமும் இல்லாமல் போயின என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. பெருங்குடலுக்குள் குழாய் கேமராவை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கும் இப்போது பெரும்பாலும் குடிக்கும் மருந்தாலேயே குடலைச் சுத்தம் செய்துவிடுகிறார்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் மாமியாருக்கு நீங்கள் கொடுக்கும் சோப்புத் தண்ணீர்தான். அதைத் தயவுசெய்து இன்றே நிறுத்திவிடுங்கள். சோப்பு மலக்குடலின் உட்சவ்வை எரித்துப் புண்ணாக்கக்கூடியது. மருந்துக்கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவோ, சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு இரத்தத்தில் பாஸ்பேட்டை ஏற்றி, கால்சியத்தைக் குறைத்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவர் எழுதியது லாக்டுலோஸ் சிரப்பாக இருந்தால், அது குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்குவதற்கு இரண்டு நாள்கூட ஆகலாம். முதல் நாளே பலன் தெரியவில்லையே என்று பொறுமை இழந்துதான் பலர் எனிமா கேனைத் தேடுகிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் தினமும் தவறாமல் கொடுத்து வாருங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் சில வலி மாத்திரைகளும் மலத்தை இறுக்கும் என்பதால், அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். இரவில் எழுந்து சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பாட்டிமார்கள் ஏராளம்; அவருக்கும் அந்தப் பயம் இருக்கிறதா என்று பக்குவமாகக் கேட்டு, பகலிலேயே போதுமான தண்ணீர் குடிக்க வையுங்கள். காலை உணவுக்குப் பிறகு குடல் தானாகவே அசையும் நேரத்தில், அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்கார வைப்பதும், மேற்கத்தியக் கழிப்பறையாக இருந்தால் காலுக்கு ஒரு சிறு பலகை வைப்பதும் நல்ல பலன் தரும்.

எனிமாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல நாள் மலம் போகாதிருந்து, பிறகு திடீரென்று நீர்போல் கசியத் தொடங்கினால், பலர் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துச் சிரப்பை நிறுத்தி, போக்கை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்துவிடுகிறார்கள். மலக்குடலில் கெட்டிப்பட்டு அடைத்திருக்கும் மலத்தின் ஓரமாக நீர் மட்டும் வழிவதாகவும் அது இருக்கலாம். மருத்துவர் மலக்குடலை விரலால் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அடைப்பு உறுதியானால், செவிலியரின் கையால் முறையாகக் கொடுக்கப்படும் எனிமா உங்கள் மாமியாருக்குத் தேவைப்படலாம். வயிறு உப்பி, வாந்தியும் கடும் வலியும் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, வீட்டில் எதையும் முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.