கொள்ளுத்தாத்தா எந்தக் கல்லூரியில் படித்தார்?

வணக்கம். கொள்ளுத்தாத்தாவின் பி.ஏ. சான்றிதழில் 'சென்னைப் பல்கலைக்கழகம், 1911' என்றிருந்தும், அவர் மெட்ராஸில் இருந்ததாகவே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சான்றிதழைச் சந்தேகப்படாதீர்கள். 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் அப்போது தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்ததே தவிர, பி.ஏ. வகுப்பு எடுக்கவில்லை. பாடமெல்லாம் இணைப்புக் கல்லூரிகளில்தான். கும்பகோணத்திலோ, திருச்சியிலோ, ஏன் திருவனந்தபுரத்திலோகூடப் படித்திருக்கலாம். மைசூர் 1916-லும் ஆந்திரா 1926-லும் அண்ணாமலை 1929-லும் தனிப் பல்கலைக்கழகங்களாக வந்த பிறகுதான் அதன் எல்லை சுருங்கியது.

சேப்பாக்கத்தில் கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய பல்கலைக்கழகக் கட்டடமான செனட் ஹவுஸ் 1879-லேயே எழுந்துவிட்டது. ஆனால் அங்கே மாணவர் வருகைப் பதிவேட்டைத் தேடிப் பயனில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் பழைய 'கேலண்டர்'. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது தடித்த ஆண்டுக் கையேடு. பட்டதாரிகளின் பெயரோடு கல்லூரியும் அதில் இருக்கும். 1911-க்கு மட்டுமல்ல, அடுத்த ஆண்டுக்கும் புரட்டுங்கள். கன்னிமாரா நூலகத்தில் கேளுங்கள், இணைய ஆவணக் காப்பகத்திலும் (archive.org) சில ஆண்டுகளின் கேலண்டர்கள் கிடைக்கின்றன. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் பெரிய தொல்லை: ஐயர், பிள்ளை, முதலியார் எல்லாம் பலவிதமாக அச்சாகியிருக்கும். முன்னெழுத்தையும் ஊரையும் வைத்துப் பொருத்திப் பாருங்கள். கல்லூரி தெரிந்ததும் அங்கே சேர்க்கைப் பதிவேடு மிஞ்சியிருக்கிறதா என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். கிடைத்தால் அவருடைய அப்பா பெயரும் அதில் இருக்க வாய்ப்புண்டு.