மூட்டுப் பூட்டுகள் நிஜச் சண்டையில் பயன்படுமா?

மணிக்கட்டையும் முழங்கையையும் பிடித்து முறுக்கும் பூட்டுகள் தற்காப்புக்கு உண்மையிலேயே உதவுமா, அல்லது பயிற்சிக் கூடத்தில் மட்டும் பலிப்பவையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் முதுநகரில் ஒரு சிலம்ப ஆசானிடம் எதிராளியைப் பிடித்து மடக்கும் பிடிவரிசையும், பிறகு புதுச்சேரியில் ஜூடோவும் பயின்றவன் என்ற முறையில் என் பதில்: உதவும், ஆனால் எதிராளியின் உடல் உங்கள் பிடிக்குள் வந்த பிறகுதான் உதவும். பூட்டையே முதல் அசைவாக நம்பி இறங்குபவர் பெரும்பாலும் அடி வாங்குவார்.

செயல்விளக்கங்களில் குத்த வருபவர் கையை நீட்டியபடியே நிறுத்திவிடுகிறார். கற்பிப்பவர் அந்தக் கையை நிதானமாகப் பிடித்துத் திருப்புகிறார். தெருவில் குத்து போன வேகத்திலேயே கை திரும்பிவிடும். அதைத் துரத்திப் பிடிக்க உங்கள் இரண்டு கைகளும் போய்விட்டால், அவருடைய இன்னொரு கை உங்கள் முகத்துக்கு வந்துவிடும். இதோடு நம் ஊர்ப் புழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் காலத்தில் வியர்த்துக் கொட்டும் மணிக்கட்டைத் தெருவில் பிடித்துப் பார்த்தால், குளிரூட்டப்பட்ட கூடத்தில் கற்றது எவ்வளவு மிஞ்சும் என்பது தெரியும்.

முழங்கைப் பூட்டு ஒரு நெம்புகோல்தான். மணிக்கட்டு ஒரு முனை, தோள் மறுமுனை, முழங்கைக்குச் சற்று மேலே ஊன்றுபுள்ளி. தோள் அசைய இடமிருக்கும்வரை எதிராளி உடலைத் திருப்பியோ முன்னால் அடி வைத்தோ அழுத்தத்தைக் கழற்றிவிடுவார். ஆகவே தோளைத் தரையோடோ சுவரோடோ உங்கள் உடலோடோ சேர்த்து முடக்கிய பிறகே பூட்டு பூட்டாகிறது.

1951-இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலின் ஜுஜுட்சு வீரர் ஹீலியோ கிரேசியை வென்ற முறை இதற்கு நல்ல சான்று. கிமுரா முதலில் அவரைத் தூக்கி எறிந்தார், பிறகு தரையில் அழுத்தி வைத்தார், அதன் பிறகே கையை மடக்கிப் பூட்டினார். கிரேசி தோல்வியை ஒப்புக்கொள்ளாததால் கை முறிந்ததாகக் கிமுரா பின்னர் எழுதினார். அந்தப் பூட்டு இன்று கிமுராவின் பெயராலேயே வழங்குகிறது. பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் அதற்கு முன் நடந்த எறிதலையும் அழுத்தலையும் மறந்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

நின்ற நிலையில் மணிக்கட்டுப் பூட்டு பலிக்கும் தருணம் ஒன்று உண்டு. ஒருவர் உங்கள் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கும்வரை அந்தக் கை எங்கும் போகாது. அதை உங்கள் இரு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து அழுத்தி, சுண்டுவிரல் பக்கம் மேலே வரும்படி திருப்பி, நெஞ்சை முன்னால் சாய்த்தால் அவருடைய முழங்கால் தானாக மடங்கும். அப்போதும் அவருடைய மறுகைக்கு எட்டாதபடி பக்கவாட்டில் நகர்ந்திருக்க வேண்டும். உடல் வலிமை குறைந்தவர்கள் பிடியிலிருந்து விடுபட, ஒற்றை விரலைப் பற்றிப் பின்னால் மடக்குவதும் பயனுள்ளது. ஜூடோ உள்ளிட்ட போட்டிகளில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது.

நன்றாகக் குடித்திருப்பவருக்கு வலி உறைக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வலியை மட்டும் நம்பும் பூட்டு அவரிடம் தோற்கும். மேலும் அழுத்தினால் மூட்டு விலகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 116-ஆம் பிரிவின்படி எலும்பு முறிவும் மூட்டு விலகலும் கொடுங்காயம். தற்காப்புரிமை உண்டு என்றாலும், தேவைக்கு மேல் தீங்கு விளைவிக்கக் கூடாது என்று 37-ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. எதிராளி அடங்கிய பிறகும் முறுக்கினால் வழக்கு உங்கள் மேல் திரும்பலாம்.

பூட்டுகள் மிகவும் பயன்படுவது, ஆளை அடிக்காமல் பிடித்து வைக்கக் கடமைப்பட்டவர்களுக்குத்தான்: காவலர்கள், மனநல மருத்துவமனை ஊழியர்கள், புதுச்சேரி மதுக்கூடங்களின் வாசலில் நிற்பவர்கள். அவர்களும் இரண்டு பேராகச் சேர்ந்து ஆளுக்கொரு கையைப் பிடிப்பார்கள். தனியாக மாட்டிக்கொண்ட உங்களுக்கு ஒருவரைப் பிடித்து வைத்திருப்பதால் என்ன லாபம்? அவருடைய நண்பர் பின்னால் நிற்கக்கூடும். விடுவித்துக்கொண்டு ஓடுவதே உங்கள் வேலை.

எங்கே கற்பது என்று முடிவு செய்யும் முன், மாணவர்கள் எதிர்த்துத் திமிறும்போது பூட்டுப் போடும் பயிற்சி அங்கே நடக்கிறதா என்று பாருங்கள். 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான நுட்பங்களை, இருவர் எதிர்த்து மோதும் கட்டற்ற பயிற்சியிலிருந்து விலக்கினார். அதனால்தான் அவருடைய மாணவர்களால் முழு வலுவோடு மோதிப் பழக முடிந்தது. ஆகவே முதல் ஆண்டில் சமநிலை, பிடி, எறிதல், விழும் முறை ஆகியவற்றையே கற்றுத்தரும் ஆசானைத் தேர்ந்தெடுங்கள். பூட்டுகளை அவர் பிறகு சொல்லித்தரட்டும்.